கடலோர வீட்டுத் தோட்டத்தில் களா வளர்ப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

புதுச்சேரியில் பிரான்சு நாட்டு உறவுகள் உள்ள குடும்பங்கள் பல உண்டு. விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ‘குரோசேய்’ ஜாமை, அதாவது ரெட் கரண்ட் பழ ஜாமை, ஒருமுறை சுவைத்தவர்களுக்கு அந்தச் செடியை நம் வீட்டுக் கொல்லையிலேயே வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். அதன் விதை என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் பொட்டலங்கள் இந்த ஆசையை மேலும் தூண்டிவிடுகின்றன. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இருப்பவர்கள் அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. ரெட் கரண்ட் குளிர்நாட்டுச் செடி. பனிக்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும் அதன் மொட்டுகள் மீண்டும் விழிப்பதற்கு, 7 டிகிரி செல்சியசுக்குக் குறைவான குளிர் மொத்தத்தில் 800 மணி நேரத்துக்கும் மேல் கிடைக்க வேண்டும். நம் பக்கத்தில் மார்கழி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. விதை முளைத்தாலும் நாற்று சித்திரை வெயிலைத் தாண்டுவது அரிது. தப்பித் தவறித் தாண்டினாலும் பூக்காது. நிழல்வலை கட்டுவதாலும் குளிர்ந்த நீர் ஊற்றுவதாலும் இந்தக் குறை தீராது.

சிவந்த நிறமும் கூர்மையான புளிப்பும், பெக்டின் சத்து மிகுந்திருப்பதால் எளிதில் ஜெல்லியாக உறையும் தன்மையும்தான் வேண்டுமென்றால், அவை எல்லாம் உள்ள ஒரு புதர்ச்செடி நம்மிடமே இருக்கிறது. ஊறுகாய்க்காகத் தெருவில் கூறுகட்டி விற்கப்படும் களாக்காயின் செடி அது. தாவரவியலில் கரிசா கரண்டாஸ். மணல், செம்மண், சரளை, உப்புக் காற்று, நீண்ட கோடை ஆகிய எல்லாவற்றையும் அது தாங்கும். அதன் நெருங்கிய உறவான சிறுகளா, இக்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடுகளின் இயல்பான தாவரங்களுள் ஒன்று. நம் வட்டாரத்துக் கோயில்காடுகளில் இன்றும் காணலாம். களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் என்று ஒரு சேர மன்னனின் பெயரிலேயே ஏறிக்கொண்ட செடி, இன்று வீட்டுத் தோட்டங்களில் அரிதாகிப்போனதற்கு முள்ளைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

செடியை வாங்குதல்

நர்சரிகளில் கிடைப்பவை பெரும்பாலும் விதையிலிருந்து வளர்த்த, பெயரில்லாத கன்றுகளே. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகிய இரகங்களும், மகாராட்டிரத்தின் தபோலியிலிருந்து வந்த கொங்கண் போல்டும் பெயர் பெற்றவை. ஆனால் ஒரு வீட்டின் ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் பெயரில்லாத கன்றே போதும். விதைக் கன்றுகள் ஒன்றுக்கொன்று காயின் அளவிலும் நிறத்திலும் வேறுபடும் என்பதையும், காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் பின்னர் ஏமாற்றம் இராது. பதியன் போட்ட கன்று கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும், ஓராண்டு முன்னதாகவும் காய்க்கும்.

வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றரை அடி உயரமும் பென்சில் பருமனுள்ள தண்டும் இருந்தால் போதும். பாலித்தீன் பையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்து வெளியே வந்து தடித்திருந்தாலோ, உள்ளே கயிறு சுற்றியதுபோல வளைந்து கிடந்தாலோ அக்கன்று பையில் அளவுக்கு மிஞ்சிய காலம் இருந்துவிட்டது என்று பொருள். அத்தகைய கன்று நிலத்தில் நட்ட பிறகும் நெடுநாள் முரண்டு பிடிக்கும். இலை ஒன்றைக் கிள்ளினால் காம்பில் வெள்ளைப் பால் துளிர்க்க வேண்டும். ஆயினும் பால் வருவது மட்டுமே அடையாளமாகிவிடாது, ஏனெனில் களா, நச்சுத்தன்மையுள்ள அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. எந்தச் செடி என்று உறுதியாகத் தெரியாத பால்செடியின் காயை ஒருபோதும் வாயில் வைக்கக் கூடாது. அழகுக்காக விற்கப்படும் நேட்டால் பிளம் என்ற தென்னாப்பிரிக்க உறவினரையும் சிலர் களா என்றே கொடுத்துவிடுகிறார்கள். அதன் பூ நம் களாவின் பூவைப்போலச் சிறிய கொத்தாக இராமல், தனித்துப் பெரிதாக இருக்கும். பழம் உண்ணக்கூடியதே என்றாலும் ஊறுகாய்க்கு ஏற்றதன்று.

விதையிலிருந்து நீங்களே கன்று எழுப்பவும் முடியும். நன்கு கருத்துப் பழுத்த பழங்களிலிருந்து விதைகளைப் பிதுக்கி எடுத்து, சதை போகும்வரை தண்ணீரில் அலசி, நிழலில் ஓரிரு நாள் மட்டும் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும். களா விதையை அடுத்த ஆண்டுக்கென்று டப்பாவில் போட்டு வைப்பதில் பயனில்லை. அதன் முளைப்புத்திறன் வெகு விரைவில் போய்விடும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து பைகளில் நிரப்பி, ஆனி அல்லது ஆடியில் விதைத்தால், வடகிழக்குப் பருவமழையை அரைநிழலில் கழித்துவிட்டு, மறு ஆண்டு ஆவணியில் கன்று நடவுக்கு வந்துவிடும்.

இடம்

இந்தப் பகுதியில் களாவை வளர்ப்பவர் உண்மையில் கவலைப்பட வேண்டியது வறட்சியைப் பற்றியல்ல, கார்த்திகையில் தேங்கும் தண்ணீரைப் பற்றித்தான். புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மி.மீ. மழை பெய்கிறது; அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. 2011 டிசம்பர் இறுதியில் வந்த தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்கு ஒரே இரவில் எவ்வளவு நீர் தேங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உயரம் குறைந்த, அடர்ந்த புதர் என்பதால் களாவைக் காற்று எளிதில் சாய்ப்பதில்லை. வேரைச் சுற்றி நாள்கணக்கில் நிற்கும் நீர்தான் அதைக் கொல்லும்.

ஆகவே இடத்தைத் தேர்ந்ததும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மீண்டும் இரண்டு வாளி ஊற்றுங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் மறைந்துவிட்டால் அங்கேயே நடலாம். மறுநாள் காலையிலும் நீர் நின்றால், ஒன்றரை அடி உயரமும் நாலடி அகலமும் உள்ள மேடு அமைத்து அதன் மேல்தான் நட வேண்டும். பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணிலும், கெடிலம், தென்பெண்ணை ஆற்றங்கரையோர வண்டல் நிலங்களிலும் மேடு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். பண்ருட்டியைச் சுற்றியுள்ள செம்மண்ணும், காலாப்பட்டு மேட்டுச் செம்மண்ணும் களாவுக்கென்றே அமைந்தவை. முந்திரி வளரும் மண்ணில் களா தானாகவே வளரும். தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரை மணலில் நீர் தேங்கும் அச்சம் இல்லை. ஆனால் சத்தும் ஈரமும் நிற்காது என்பதால் குழியில் தொழு உரத்தோடு ஏரி வண்டலும் சேர்க்க வேண்டும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் படும் இடம் நல்லது. தென்னை நிழலில் செடி உயிரோடு இருக்கும், காய்ப்பு மட்டும் மிகவும் குறைந்துவிடும். நடைபாதை, துணி உலர்த்தும் கொடி, குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து ஐந்தடியாவது தள்ளி நடுங்கள். முள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று, நீளமாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது எவ்வளவு நல்ல தடையோ, அவசரமாக நடக்கும் வீட்டாருக்கும் அவ்வளவே தொல்லை. காலிமனை ஓரத்தில் வேலியாக வைக்க எண்ணுபவர்கள் மூன்றடிக்கு ஒரு கன்றாகவும், பழத்துக்காக மட்டும் வைப்பவர்கள் எட்டு முதல் பத்தடி இடைவெளி விட்டும் நட வேண்டும். மாடியில் வைக்க விரும்புவோர் அடியில் துளையிட்ட அரை டிரம்மில் வளர்க்கலாம். காய் குறைவாகத்தான் கிடைக்கும்.

குழியும் நடவும்

செம்மண்ணிலும் மணலிலும் நடவுக்கு ஆவணி ஏற்ற மாதம். மாலை நேரங்களில் அவ்வப்போது பெய்யும் மழையில் கன்று வேர் பிடித்து, ஐப்பசி அடைமழைக்குள் நிலைத்துவிடும். களிமண் நிலத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் மேட்டின் மேல் நடுவதே பாதுகாப்பு, கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலை கூடினாலும்.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்து, குழியை ஒரு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். பிறகு மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழு உரமும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். வேப்பம் புண்ணாக்கைச் சேர்ப்பது சத்துக்காக மட்டுமன்று. செம்மண் பகுதியில் இளங்கன்றின் வேரைத் தேடி வரும் கரையானையும் அது ஓரளவு தடுக்கும். மட்காத பச்சைச் சாணத்தைப் போட்டால் கரையானை நாமே அழைத்தது போலாகிவிடும்.

பையைப் பிடித்து இழுக்காமல், பக்கவாட்டில் பிளேடால் கீறி, மண் உருண்டை உடையாதபடி கன்றை எடுத்து, பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து மண்ணை அணையுங்கள். தண்டின் அடிப்பகுதியை மண்ணால் கூடுதலாக மூடினால் மழைக்காலத்தில் அழுகும். நட்டவுடன் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மண் அமுங்கிய இடத்தில் மீண்டும் மண் இட்டு, அரை அடி தள்ளிச் சுற்றிலும் மூடாக்குப் போட வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் கரும்புச் சோகை மூடாக்குக்கு மிக நல்லது, தண்டை ஒட்டிப் போடாதவரை.

முதல் இரண்டு ஆண்டுகள்

களா மெதுவாக வளரும் செடி. முதலாண்டில் அது பெரிதாக எதையும் காட்டாது. வேரை ஆழத்தில் இறக்கிக்கொண்டிருக்கும் காலம் அது. மழை இல்லாத நாட்களில் வாரம் இருமுறையும், பங்குனி முதல் ஆனி வரை மணல் நிலத்தில் மூன்று முறையும் நீர் ஊற்றினால் போதும். மூன்றாம் ஆண்டு முதல், கடும் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுவதைத் தவிர வேறு நீர் தேவைப்படாது. கடற்கரையோரத்துப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கிறது. வளர்ந்த புதர் இந்த உவர்ப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும், இளங்கன்று தாங்காது. இலை விளிம்புகள் காய்ந்து பழுப்பேறினால், உவர்நீரை நிறுத்திவிட்டு, முடிந்த அளவு நல்ல நீரை வேர்ப்பகுதி முழுதும் நனையுமாறு ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

உர விஷயத்தில் கை சற்று இறுக்கமாகவே இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை, இளஞ்செடிக்கு 5 கிலோவும் காய்க்கும் செடிக்கு 10 முதல் 15 கிலோவும் தொழு உரம் இட்டு மண்ணைக் கிளறிவிட்டால் போதும். யூரியாவையும் ஊறவைத்த மணிலாப் புண்ணாக்குக் கரைசலையும் அள்ளி ஊற்றுகிறவர்களின் தோட்டத்தில் களா பளபளவென்று இலையாகத் தழைக்கும், பூவைத்தான் தேட வேண்டியிருக்கும்.

கவாத்து

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ரெட் கரண்டுக்கு எழுதப்பட்ட வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு அப்படியே களாவுக்குச் செய்தால் காய்ப்பு கெடும். ரெட் கரண்ட் பழைய கிளைகளில் உள்ள குட்டைக் கணுக்களில் காய்ப்பது; அதை இலையுதிர்ந்து உறங்கும் பனிக்காலத்தில் வெட்டுகிறார்கள். களாவுக்கு அப்படியொரு உறக்கமே கிடையாது. அது இளங்கிளைகளின் நுனியில் கொத்தாகப் பூக்கும். தை முதல் பங்குனி வரை, பூ வரும் பருவத்தில் அழகுக்காக நுனிகளைக் கத்தரித்துவிட்டால் அந்த ஆண்டுக் காயையும் சேர்த்தே வெட்டியவர்களாகிறோம். மாதந்தோறும் சதுரமாக வெட்டப்படும் களா வேலிகளில் காய் அரிதாக இருப்பதன் காரணம் இதுதான். வேலி, பழம் இரண்டும் வேண்டுமென்றால், தெருப்பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு உட்பக்கத்தை வளரவிடுவது நல்ல சமரசம்.

முதல் இரண்டு ஆண்டுகளில் தரையிலிருந்து ஒன்றரை அடி வரை முளைக்கும் பக்கக் கிளைகளை நீக்கி, நல்ல திசைகளில் செல்லும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அடிப்பகுதி வெறுமையாக இருந்தால் களை எடுக்கவும், விழுந்த பழத்தைப் பொறுக்கவும் கையை உள்ளே விட முடியும். முள்செடியில் இதன் அருமை காய்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். காய்க்கும் செடிக்கு, அறுவடை முடிந்த கையோடு, ஆவணியிலிருந்து புரட்டாசி நடுவுக்குள் கவாத்துச் செய்துவிடுங்கள். முதலில் காய்ந்த கிளைகளையும், பிறகு புதரின் நடுவே ஒன்றையொன்று உரசிக் கிடப்பவற்றையும், கடைசியாகத் தரையை நோக்கித் தொங்குபவற்றையும் எடுத்தால், ஐப்பசி மழையில் புதருக்குள் காற்று புகுந்து ஈரம் விரைவில் உலரும். பூஞ்சை நோயும் குறையும். மொத்தப் புதரில் கால்பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் வெட்ட வேண்டாம்.

கைக்குத் தடித்த தோலுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் கத்தரியை எடுக்காதீர்கள். வெட்டும்போது வழியும் பால் துணியில் பட்டால் கறை போகாது. வெட்டிய கிளைகளைக் கீழே விழவிடாமல் அப்போதைக்கப்போது விரித்த சாக்கில் சேர்த்துவிடுங்கள். காய்ந்த களா முள் இருசக்கர வண்டியின் டயரைச் சுலபமாகத் துளைத்துவிடும்.

பூச்சியும் நோயும்

இவை பெரிய தொல்லையல்ல. இலையைத் தின்னும் புழுக்கள் சில வேளை ஒரு கிளையையே மொட்டையடித்துவிடும். காலையில் பார்த்துக் குச்சியால் தட்டி எடுத்துவிட்டாலே போதும். மாவுப்பூச்சி தென்பட்டால் எறும்பு வரிசையும் உடனிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். பூத்திருக்கும் நாட்களில் எதையும் தெளிக்காதீர்கள். தேனீக்கள் வராவிட்டால் காயும் வராது. மழைக்காலத்தில் இலையிலும் காயிலும் கரும்புள்ளிகள் தோன்றினால் அந்தப் பகுதியை வெட்டிக் கொல்லைக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும்.

பறிப்பும் சமையலும்

மாசி, பங்குனியில் மல்லிகை போன்ற மணத்துடன் வெள்ளைப் பூக்கள் வரும். காய் பிடித்துப் பழுக்க மூன்றரை மாதம் ஆகும் என்பதால், ஊறுகாய்க்கான பச்சைக் காய் வைகாசியிலும், பழம் ஆனி, ஆடியிலும் கிடைக்கும். காய் முதலில் வெளிர்பச்சையாக இருந்து, வெயில் படும் கன்னத்தில் மட்டும் இளஞ்சிவப்பு ஏறி, பிறகு முழுதும் சிவந்து, இறுதியில் கருநீலமாகும். ஒரே கொத்தில் எல்லா நிறமும் இருக்கும். ஆகவே ஒரே நாளில் உருவி எடுக்காமல், வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு தடவை பறிக்க வேண்டும். நன்கு வளர்ந்த புதரிலிருந்து 3 முதல் 5 கிலோ எதிர்பார்க்கலாம். பச்சைக் காய் ஐந்தாறு நாள் வரை வாடாமல் இருக்கும். பழமோ இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும்.

காயை அரிந்ததும் பிசுபிசுப்பான பால் கத்தியில் ஒட்டும். பலாப்பழம் அரியும் பண்ருட்டிக்காரர்களைப் போலக் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தொடங்குங்கள். ஊறுகாய்க்கு, முற்றாத காயை இரண்டாகப் பிளந்து, உப்புநீரில் ஓரிரவு ஊறவைத்து, பாலும் துவர்ப்பும் இறங்கிய நீரைக் கொட்டிவிட்டு, நிழலில் ஈரம் போக உலர்த்திய பின் வழக்கம்போல் மிளகாய்த்தூள், மஞ்சள், வெந்தயப் பொடி, காய்ச்சிய நல்லெண்ணெய் சேர்க்கலாம். முற்றிய காயானால் விதையை நெம்பி எடுத்துவிடுவது நல்லது.

குரோசேய் ஜெல்லியை நினைத்துக்கொண்டு களாவை நட்டவர்களுக்கு: நன்கு பழுத்தது இரண்டு பங்கு, சிவந்தும் இன்னும் கெட்டியாக இருப்பது ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உறையவைக்கும் பெக்டின் சத்து, முழுதும் பழுக்காத காயில்தான் அதிகம். நிறமும் மணமும் பழத்தில். மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு அரைமணி நேரம் வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாகச் சொட்டும் சாற்றை மட்டும் சேகரிக்க வேண்டும். பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். ஒரு டம்ளர் சாற்றுக்கு ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை சேர்த்து, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். புளிப்பு மிகுதி என்பதால் அலுமினியம் வேண்டாம். கரண்டியை உயர்த்தினால் தனித்தனித் துளியாக விழாமல் இரண்டு துளிகள் ஒன்றுசேர்ந்து ஏடுபோல் வழியும்போது பதம் வந்துவிட்டது. சூட்டோடு, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மூடிவிடலாம்.

பேக்கரி பன்னிலும் கேக்கிலும் ‘செர்ரி’ என்று வைக்கப்படும் சிவப்பு உருண்டை பல வேளைகளில் சாயமேற்றிச் சர்க்கரையில் ஊறிய களாக்காய்தான். அதைச் சாயமில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். கன்னம் சிவந்த காய்களைக் கீறி விதை நீக்கி, இரண்டு நாள் உப்புநீரில் போட்டு, அலசி, கொதிநீரில் மென்மையாகும்வரை வேகவைத்து, இளம் சர்க்கரைப் பாகில் இடுங்கள். நாள்தோறும் காயை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறியதும் மீண்டும் காயைப் போட வேண்டும். ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் காய் சுருங்கித் தோலாகிவிடும். பாகு தேன் பதத்துக்கு வந்து காய் கண்ணாடிபோல் தெளிந்ததும், பாகோடு புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.